வெள்ளை வயர்

ஆசனத்தைக் கழற்றினேன். பக்கப் பெட்டிகள் இரண்டையும் கழற்றினேன்.
பின் மட்காட்டும் போன பிறகு
ஆயிரத்து எண்ணூறு சீசீ மோட்டச்சைக்கிள்
சட்டையைக் கழற்றிவிட்டு டொக்ரருக்குக் காத்திருக்கும் ஆளைப்போல நின்றது.
தண்டர் பே. ஜூன் பிறந்தும்
கராஜ் சீமெந்து முழங்காலுக்குள் குளிர்ந்தது.

ஹிச்சின் இரும்புக் கைகள்
சட்டத்தின் துளைகளோடு ஒரு மயிரிழை ஒத்துவரவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். பிறகு சுத்தியல்.
பிறகு, முதல் மூன்று போல்ற்றையும் இறுக்காமல் விட்டால்
நாலாவது தானாக இறங்கும் என்று கண்டுபிடித்தேன்.
கையேட்டின் இரண்டாம் பக்கத்தில்
அது முதலே இருந்தது.

இவ்வளவும் எதற்கென்றால்
சுகிர்தாவுக்கு ஓர் இரவுக்குப் பத்து லீற்றர் வேண்டும்.
வயிற்றுக்குள் போய், கொஞ்சம் தங்கி,
அழுக்கைக் கூட்டிக்கொண்டு திரும்பும் நீர்.
ஆறு இரவுக்கு அறுபது. மேலே மெஷின்.
சிறுநீரகம் வேலையை விட்டு இரண்டு வருஷம்;
ஏரியை ஒருதரம் சுற்றி வருவோம் என்று
நான் சொல்லத் தொடங்கிப் பதினொரு வருஷம்.
"நான் பின்னால இருப்பன். என்ர தண்ணி எங்க இருக்கும்?"
என்று மார்ச்சில் கேட்டாள்.
ரெயிலர் ஏப்ரலில் வந்தது.

ஹிச்சின் உருண்டையில்
பாரத்தின் பத்திலொன்றுதான் இருக்கவேண்டும்,
மிச்சத்தை ரெயிலர் தன் சில்லுகளிலேயே சுமக்கும்
என்று வாசித்துக் காட்டினேன்.
"பத்திலொண்டா? நீங்கள் சமையலுக்குப் பிடிக்கிறதை விடக் கூட" என்றாள்.

பிறகு வயர்.
மண்ணிறம் வால்விளக்கு. மஞ்சள் இடது. பச்சை வலது. வெள்ளை எர்த்.
நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி;
மோட்டச்சைக்கிளிடம் செய்தியை மட்டும் கேட்டு
பலத்தைப் பற்றரியிடம் வாங்கிக்கொள்ளும்.

இடப்பக்கம் போட்டேன்: இரண்டு பக்கமும் மங்கலாய் மினுங்கின.
பிரேக்கை அமத்தினேன்: வால்விளக்கு நூர்ந்தது.
நிற்கிறேன் என்பதைப் போகிறேன் என்றும்
போகிறேன் என்பதை யோசிக்கிறேன் என்றும்
பின்னால் வருகிற லொறிக்காரனுக்குச் சொல்லும் வண்டி.
மூன்று இணைப்பையும் வெட்டி மறுபடி முறுக்கினேன்.
லைற்றரால் உறையைச் சூடாக்கிப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டேன்.
மறுபடி அதே பொய்.

சுகிர்தா கை கழுவிக்கொண்டு வந்தாள்.
இரவில் குழாய் தொடுமுன் முழங்கைவரை கழுவிக் கழுவி
இப்போது கதவுப்பிடிக்கும் கழுவுகிறாள்.
ரோர்ச்சை என் கையில் தந்துவிட்டுக் குந்தினாள்.
கறுப்புப் பெட்டியைப் பார்க்கவேயில்லை.
வெள்ளை வயரில் விரலை வைத்து
கிளிப், கிளிப்பாகப் பின்தொடர்ந்தாள்,
அதன் வளையம் சட்டத்தில் பூட்டப்பட்ட இடம்வரை.

"இதுக்குக் கீழ பெயின்ற்.
ஒட்டியிருக்கு, ஆனா தொடேல்லை."

கறுப்புப் பூச்சு. கீறல் விழாமல்
ஒன்பது வருஷம் நான் துடைத்த பூச்சு.
அரத்தைக் கேட்டாள். கொடுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
சுரண்டினாள், ஒரு சதக் குற்றி அளவு
வெள்ளி தெரியும்வரை.

கராஜ் கதவை இறக்கிவிட்டு அவள் பின்னால் போனாள்.
என் பிரேக் விளக்கை நான் ஒருநாளும் நேரே கண்டதில்லை;
அதற்கு எப்போதும் இன்னொரு ஆள் வேண்டும்.

"இடது?"
"ஓம்."
"வலது?"
"ஓம்."
"பிரேக்?"

சத்தமில்லை.
கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன்.
முகம் முழுக்கச் சிவப்பு விழ
பார்த்துக்கொண்டே நின்றாள்.
காலை எடுத்தேன். அமத்தினேன். எடுத்தேன்.
"எரியுது, எரியுது. நூத்துப்போட்டு வாங்கோ,
ஒன்பதரையாகுது."

வெளியே இன்னும் வெயில்.
உள்ளே மெஷின் முதல் பையைச் சூடாக்கத் தொடங்கியிருந்தது.
மேசையில் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடந்தது.
எதற்குரியதென்று கையேட்டில் தேடினேன்; இல்லை.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கை கழுவப் போனேன்.